ஷூவுக்குள் நான் வைத்த துணி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனாரும் அவர் மனைவியும் அடுத்தடுத்துப் போன பிறகு, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் என் மூன்றோடு சேர்த்து நானே வளர்த்தேன். ஐந்து பேரும் வெறுங்காலோடு மண்ணில் ஓடியவர்கள். ஐந்து பேரும் நேராகத்தான் நடக்கிறார்கள். அப்படிப்பட்ட நான்தான் பேத்தி நிலாவுக்குக் கனமான ஷூவை மாட்டி, ஏழு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தேன்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பனியன் கம்பெனியில் லேபிளும் லாட் சீட்டும் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்து மறுபடி கூடியது. பெரிய பேத்தி வர்ஷினியின் பழைய நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. அவசரம் இல்லை என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அவசரம் வந்துவிட்டது. என் மருமகள் கௌசல்யா வருகிற திங்கட்கிழமையோடு வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டாள். நிலாவுக்குப் புண் வந்தது தன்னால்தான் என்று நினைக்கிறாள். அவளால் இல்லை. அது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால் இனி நிலாவை என்னிடம் விடமாட்டாள் என்று பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வரவேண்டிய இடத்தில் அதை எழுதுகிறேன்.

அருள்புரத்தில் எங்கள் வீடு. மகன் சிவக்குமார் கட்டிங் மாஸ்டர். கௌசல்யா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனோடு போனில் பேசி ஆர்டர் வாங்கி, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பலில் ஏறும்வரை அவள் பொறுப்பு. காலை எட்டு மணிக்கு இருவரும் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். வர்ஷினி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க நானும் நிலாவும்தான். அவளுக்கு இரண்டரை வயது. வாய் ஓயாது. அவள் பிறப்பதற்கு முன் இந்த வீட்டில் என் பகல் எப்படிப் போயிற்று என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

நான் இருபத்தெட்டு வருடம் செக்கிங்கில் இருந்தவள். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பிழை இருந்தால் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை அந்த இடத்தைக் காட்டி ஒட்ட வேண்டும். அது ஆல்ட்டருக்கு, பிரித்துத் திருத்தித் தைக்க, போகும். என் மேஜையைத் தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்ததில்லை. சூப்பர்வைசரே, "பழனியம்மாக்கா பாத்தாச்சா? அப்பப் பேக்கிங்குக்கு விடு" என்பார். அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடமாகியும் கண் நிற்கவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் போட்டிருக்கும் சட்டையின் தோள் தையலைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்தக் கண்ணால் ஒரு நாள் நிலாவின் காலைப் பார்த்தேன்.

குளிக்க வைத்துத் துடைப்பதற்குள் நழுவி ஹாலுக்கு ஓடினாள். டைல்ஸ் தரையில் ஈரக் கால் தடம் விழுந்தது. பாதத்தின் நடுவில் ஒரு வளைவு விழ வேண்டுமே, அது இல்லை. தோசைக் கரண்டியை அழுத்தி எடுத்தாற்போல முழுப் பாதமும் பதிந்திருந்தது. பக்கத்தில் என் காலை நனைத்து வைத்துப் பார்த்தேன். என் தடத்தில் நடுவே பள்ளம் இருந்தது. பிறகு அவளை நடக்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு பெருவிரலும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருந்தன. துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடும் மட்டமான பனியன் உண்டு. அதுபோல இருந்தது எனக்கு. பீரோவிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தேன். பிள்ளை கூச்சத்தில் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இரவு கௌசல்யாவிடம் சொன்னேன்.

"தடுப்பூசி போடப் போனப்பவே டாக்டர் பாத்தாருங்த்தை. சின்னக் கொழந்தைகளுக்கு அப்பிடித்தான் இருக்குமாம். தானா சரியாயிரும்னாரு."

"தானா சரியாகறதுக்கு அதென்ன காய்ச்சலா கண்ணு? பொட்டப்புள்ள. நாளைக்குக் கோணக்கால்னு ஒருத்தன் சொல்லிப்போட்டா?"

"அஞ்சு புள்ளைங்கள வளத்தீங்கல்ல, அவங்க காலெல்லாம் ரெண்டரை வயசுல எப்பிடி இருந்துச்சுங்?"

அன்று நான் எந்தக் காலையும் பார்க்கவில்லை. ஐந்து பிள்ளைகளும் வளர்ந்தபோது நான் ஷிஃப்டில் நின்றுகொண்டிருந்தேன். சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேட்பதற்கே நேரம் போதவில்லை. இந்தப் பிள்ளையைத்தான் முழுப் பகலும் உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் பிழை தெரியாமல் போகாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கால் பரிசோதனை முகாம் என்று நோட்டீஸ் வந்தது. கௌசல்யாவுக்குத் தெரியாமல் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிப் பலகைமேல் பிள்ளையை நிற்க வைத்தார்கள். கம்ப்யூட்டரில் இரண்டு பாதமும் பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தன. டை கட்டிய பையன் அந்தச் சிவப்பைத் தொட்டுக் காட்டி, "வளைவே இல்லீங்க. இப்பவே ஷூ போடலன்னா முட்டி தேஞ்சு, இடுப்பு வளைஞ்சு, பெரிசானா நடக்கவே கஷ்டமாயிரும்" என்றான். அவன் டாக்டரா, ஷூ விற்க வந்தவனா என்று நான் கேட்கவில்லை. நான் கண்டுபிடித்த பிழையை இன்னொருவன் ஒத்துக்கொண்டான், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஷூ வந்தது. கணுக்காலுக்கு மேல் ஏறும் தடித்த தோல், வளையாத அடிப்பாகம், உள்ளே பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு மேடு. கௌசல்யா கையில் தூக்கிப் பார்த்து, "இதப் போட்டுட்டு இவ எப்பிடிங் ஓடுவா?" என்றாள். சிவக்குமார், "அம்மா சொல்லுது, கொஞ்ச நாள் பாக்கலாம் விடு" என்றான். மறுநாள் அவள் தன் கம்பெனிச் சாம்பிளில் வந்த வெள்ளைச் சாக்ஸ் நான்கு ஜோடி கொண்டுவந்து கொடுத்தாள். "வெறுங்காலோட மாட்டாதீங்கத்தை, ஒரசும்" என்றாள்.

ஷூ ஒரு சைஸ் பெரிதாக எடுத்திருந்தோம். வளரும் பிள்ளையாயிற்றே. இடது குதிகால் உள்ளே அதிகமாக ஆடியது. ஆடினால் கால் எப்படி நேராகும் என்று தோன்றியது. மகன் கொண்டுவரும் பனியன் வேஸ்ட் வீட்டில் ஒரு மூட்டை எப்போதும் இருக்கும். துடைக்க, பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதிலிருந்து நல்ல மிருதுவான துண்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, குதிகாலுக்குப் பின்னால் திணித்தேன். ஆட்டம் நின்றது. என் வேலை எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் துண்டின் ஓரத்தில், துணி பிரியாமல் இருக்க விளிம்பைச் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையல் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருடம் தையலையே பார்த்த கண், அன்று துணியின் மிருதுவை மட்டும் பார்த்தது.

முதல் நாள் ஷூவை மாட்டியதும் நிலா எழுந்து நடந்தாள். சேற்றில் நடப்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தாள். நாலாம் நாளில் ஓடுவதை நிறுத்திவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே விளையாடினாள். "அப்பாயி, காலு வேண்டாம்" என்பாள். ஷூ வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் கால் வேண்டாம் என்றாள். நான், "சித்த நேரம் சாமி, கால் அழகாயிரும்" என்று சொல்லி வாழைப்பழம் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் இடது குதிகாலில் சிவப்பாக ஒரு கோடு. மறுநாள் அது கொப்புளம். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டு, சாக்ஸை மாட்டி, ஷூவையும் மாட்டினேன். ஒரு நாள் விட்டால் கௌசல்யா காரணம் கேட்பாள். கேட்டால், நான் சொன்னேனே என்பாள். அதைக் கேட்க எனக்கு மனமில்லை. மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்தது. அப்போதும் மஞ்சள்தான். நாலாம் நாள் மாலை பிள்ளைக்கு உடம்பு கொதித்தது.

கௌசல்யா வேலையிலிருந்து வந்து சாக்ஸைக் கழற்றினாள். குதிகால் வீங்கிச் சீழ் கோத்து, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அவள் ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. சிவக்குமார் வண்டி எடுக்க ஓடினான். அவர்கள் வாசலுக்குப் போன அந்த நேரத்தில் நான் ஷூவுக்குள் கையை விட்டு அந்தத் துணியை உருவி, முந்தானையில் முடிந்துகொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை தானாகப் போனது.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்கை போட்டார்கள். "செல்லுலைட்டிஸ்" என்றார் டாக்டரம்மா. தோலுக்கு அடியில் கிருமி இறங்கிப் பரவுவதாம். கையில் ஊசி குத்தி அதைப் பட்டையில் வைத்துக் கட்டி, அதன் வழியாக மருந்து ஏற்றினார்கள். பிறகு டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்து, காலில் சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டார். "இந்தக் கோட்டத் தாண்டிச் செவப்பு போச்சுன்னா மருந்து கேக்கலைன்னு அர்த்தம். உள்ள வந்துச்சுன்னா கேக்குதுன்னு அர்த்தம்" என்றார். பிழையைச் சுற்றிக் குறிபோடுவது நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. என் பேத்தியின் காலில் அந்தக் குறியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சீழில் கொஞ்சம் எடுத்துக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்ப்பதாம். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

சிவக்குமார் ஷூவைக் கொண்டுவந்து காட்டினான். டாக்டரம்மா உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "வழவழன்னுதானே இருக்குது. இதுக்குள்ள வேற ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பகலில் பிள்ளையோடு இருந்தவள் நான்தானே.

"இல்லீங்க" என்றேன்.

"அப்பச் சாக்ஸோட தையலா இருக்கும்" என்றார் அவர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கௌசல்யாவின் முகம் அப்படியே வெளுத்துப் போயிற்று. "அது எங்க கம்பெனிச் சாம்பிள்ங்க, மேடம். ரிஜெக்ட் ஆனது. வீணாப் போகுதேன்னு நாந்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

பிள்ளையோடு ஒருவர்தான் தங்கலாம். மஞ்சள் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள், அது இருப்பவர்தான் மேலே இருக்கலாம். கௌசல்யா மாட்டிக்கொண்டாள். நான் கீழே கூடத்தில். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் மேலே விடுவார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று மகன் தினமும் சொன்னான். வீட்டில் என்ன இருக்கிறது? வர்ஷினியைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மாயி, கௌசல்யாவின் அம்மா, கொமரலிங்கத்திலிருந்து வந்துவிட்டார். சமையல், துணி எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு அங்கே வேலையில்லை, இங்கேயும் வேலையில்லை.

கூடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். நான் தினமும் தூணோரம் இருக்கும் நாற்காலியில் உட்காருவேன். டிவியில் படம் ஓடும், சத்தம் வராது. ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவார்கள், கூப்பிட்டவர் எழுந்து போவார். என் பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்க மாடிக்குப் போன் செய்வேன். கௌசல்யா, "அப்பிடியேதான் இருக்குதுங்த்தை" என்பாள். கோபமாகப் பேசினாலாவது பரவாயில்லை. அவள் மரியாதையாகப் பேசினாள். சம்பந்தி ஒரு தூக்கில் ரசம் சாதம் கொடுத்தனுப்புவார். மூடியில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கும். எனக்கு அது பிடிக்கும் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. முந்தானை முடிச்சு மடியில் கிடந்தது. அந்தத் துணியை எங்கும் எறிய மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சிவப்பு, பேனாக் கோட்டைத் தாண்டிவிட்டது.

பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துப் புண்ணைத் திறந்து சுத்தம் செய்தார்கள். அழுகிய சதையை எடுத்துக் கழுவுவது, பெயர் வாயில் நுழையவில்லை. முடிந்த பிறகு எங்களை மேலே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஒரு சின்னத் தட்டை நீட்டினார். பஞ்சின்மேல் வெள்ளையாக ஒரு நூல், அரை விரற்கடை இருக்கும்.

"இதான் உள்ள இருந்துச்சு. சாக்ஸ் நூல்தான் போல."

கௌசல்யா அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நாந்தானுங்க... நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிவக்குமார் அவளைத் தூக்கப் பார்த்தான்.

நான் தட்டைப் பார்த்தேன். ஒரு பார்வைதான். சாக்ஸ் நூல் இழுத்தால் நீளும், சுருளும். இது முறுக்கேறி விறைப்பாக, சின்னச் சின்ன நெளிவுகளோடு இருந்தது. ஓவர்லாக்கிலிருந்து பிரிந்த நூல் அப்படித்தான் இருக்கும். எத்தனையோ ஆயிரம் பனியனில் அதை நான் நகத்தால் கிள்ளி எறிந்திருக்கிறேன். அந்த அறையில் இருந்தவர்களில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கீழே வந்து முடிச்சை அவிழ்த்தேன். துணியின் ஓரத்தில் தையல் இரண்டு இடத்தில் பிரிந்திருந்தது. பிரிந்த நூல் சாக்ஸின் பின்னல் இடைவெளி வழியாக உடைந்த கொப்புளத்துக்குள் போயிருக்க வேண்டும். ஒரு நூல் கிடைத்துவிட்டது. இன்னொன்று எங்கே?

மாலைவரை உட்கார்ந்திருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். நாற்காலியை விட்டு எழ நான்கு மணி நேரம் ஆயிற்று. பிறகு டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், லிஃப்ட் வாசலில் போய் நின்றேன்.

"என்னங்கம்மா, இங்க நிக்கறீங்க?"

துணியை நீட்டினேன். "ஷூவுக்குள்ள இத வெச்சிருந்தனுங்க. பொய் சொல்லிப்போட்டேன். இதுல ரெண்டு எடத்துல நூல் பிரிஞ்சிருக்குது. ஒண்ணுதான் வந்துச்சு. இன்னொண்ணு உள்ள இருக்குதுங்க, நல்லாத் தேடிப் பாருங்க."

அவர் துணியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"இத மொத நாளே சொல்லியிருந்தா அந்தப் புள்ளைக்கு ஒரு தடவ மயக்கம் குடுத்ததோட முடிஞ்சிருக்குமுங்க" என்றார். அவ்வளவுதான். பையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப மேலே போனார். உள்ளே இன்னும் ஏதாவது இருக்கலாம் என்று மட்டும் மகனிடமும் கௌசல்யாவிடமும் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் காலை மறுபடி சுத்தம் செய்தபோது இரண்டாவது நூல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சிவப்பு கோட்டுக்குள் திரும்பியது.

"ஊட்ல சொல்லீட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லீங்க."

"அது நாஞ் சொல்ற விசயமில்லீங்கம்மா. நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

அந்த ஐந்தாம் நாளில் இன்னொன்றும் நடந்தது. என் நாற்காலிக்கு அடுத்து ஒரு வடநாட்டுப் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தையின் இரண்டு காலிலும் ஷூ. இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் இணைத்திருந்தார்கள். "கழட்டு கண்ணு, கழட்டிப்போடு, இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே பட்டையை அவிழ்க்கப் போய்விட்டேன். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்தியில் கத்தினாள். நர்ஸ் ஓடிவந்தார்.

"அம்மா! அதத் தொடாதீங்க. அது பொறக்கும்போதே உள்ள வளைஞ்ச பாதம். வாரா வாரம் மாவுக்கட்டுப் போட்டு நேராக்கி வெச்சிருக்குது. திரும்ப வளையாம இருக்கத்தான் இந்த ஷூ. இதக் கழட்டுனா பட்ட பாடெல்லாம் வீணுங்க."

போட்டதும் தப்பு, கழற்றப் போனதும் தப்பு. கேட்காமலே தெரியும் என்று நினைத்ததுதான் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டேன். அவள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப்பழத்தை எடுத்து, பாதியைப் பிட்டு என்னிடம் கொடுத்தாள். அந்த ஏழு நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டது அந்த ஒரு முறைதான். இரண்டு பேருக்கும் பேச ஒரு சொல் பொதுவில் இல்லை.

ஆறாம் நாள் மாலை நான் மேலே போனபோது டாக்டரம்மா இருந்தார். நர்ஸ் கையுறையை ஊதிப் பலூன் மாதிரி கட்டியிருந்தார். டாக்டரம்மா அதை நிலாவின் தலைக்கு மேலே பிடித்தார். "எட்டிப் புடி பாக்கலாம்." நிலா கட்டில்மேல் நின்று நுனிக்காலில் எம்பினாள். புண்பட்ட காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி மற்ற காலில் எம்பினாள்.

"இப்பப் பாருங்கம்மா, பாதத்துக்கு நடுவுல."

குனிந்து பார்த்தேன். பள்ளம் இருந்தது. நான் தரையில் தேடிய அதே வளைவு, நுனிக்காலில் நின்றதும் அழகாக எழும்பியிருந்தது.

"வளைவு உள்ளயே இருக்குதுங்க. சின்னக் கொழந்தைகளுக்குப் பாதத்துல கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கும், மூட்டெல்லாம் தளர்வா இருக்கும். அதனால நிக்கறப்பத் தட்டையாத் தெரியுது. அஞ்சாறு வயசு வரைக்கும்கூட அப்பிடி இருக்கலாம். கால் உள்ள திரும்பி நடக்கறதும் பெரும்பாலும் வளர வளரத் தானாத் திரும்பிரும். இந்த ஷூ போட்டதனால வளைவு சீக்கிரம் வந்துராது. வெறுங்கால்ல ஓடட்டும். வெளிய போனா மெத்துன்னு வளையற செருப்பு போதும்."

"அப்ப யாருக்குத்தானுங்க இந்த ஷூ வேணும்?"

"வலிக்குதுன்னா காட்டோணும். ஒரு கால் மட்டும் வேற மாதிரி இருந்தா, பாதம் வெறைப்பா இருந்தா, நுனிக்கால்ல நின்னும் வளைவு வரலைன்னா, நொண்டுனா, நாளாக நாளாக அதிகமானா காட்டோணும். அப்பவும் வேணுமா வேண்டாமான்னு பாத்துச் சொல்றது டாக்டர். ஷூ விக்கறவரில்ல. உங்க பேத்திக்கு இதுல ஒண்ணுமே இல்லீங்க."

கௌசல்யா சுவரோரம் நின்றிருந்தாள். நான் சொன்னதைக் கேட்காமல் விட்டீர்களே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக, "நானும் நல்ல சாக்ஸாப் பாத்து வாங்கியிருக்கோணும்ங்க" என்றாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். நான் நிலாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். குதிகாலில் ஒரு வடு இருக்கிறது. நிலா மறுபடி ஓடுகிறாள். பெருவிரல்கள் இன்னும் ஒன்றையொன்று பார்த்துத்தான் இருக்கின்றன. நான் அளப்பதில்லை. இஞ்ச் டேப்பை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சரஸ்வதி நேற்று வந்து, பேரனுக்கு ஷூ வாங்க அந்த முகாம்காரன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். "பையன நுனிக்கால்ல நிக்க வெச்சுப் பாரு. வலிக்குதான்னு கேளு. சந்தேகமிருந்தா டாக்டர்கிட்டக் காட்டு. நம்பர் தரமாட்டேன்" என்றேன். "அக்கா ரொம்பத்தான் படிச்சுட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

ஆனால் இப்போது இது கௌசல்யாவுக்கு. அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது. போனில் ஆர்டர் பேசும்போது அவள் குரல் தனியாக ஒரு மிடுக்கோடு வரும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் அடுப்படியில் நின்று கேட்பேன். என் மேஜையில் நான் நின்றதுபோல அவள் அங்கே நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதை அவள் விடப்போவது அவள் செய்யாத ஒரு பிழைக்காக. அந்த அம்பு ஸ்டிக்கரை அவள்மேல் ஒட்டவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். நூல் என்னுடையது, கௌசி. உன் சாக்ஸில் ஒன்றுமில்லை. உன் பிள்ளையை இனி யாரிடம் விடுவாய் என்பது உன் இஷ்டம். என்னிடம் விடவில்லை என்றாலும் வேலையை விடாதே.

இதை முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று தடவை அடுப்படிக்குப் போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வர்ஷினி கண்ணு, நோட்டு முடிந்துவிட்டது. இங்கே வந்து உட்கார். எழுத்துப் பிழை எங்கே இருந்தாலும் நிற்காதே, போய்க்கொண்டே இரு. உன் அம்மா வந்து சாப்பிட உட்காரட்டும், நிலாவை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். முதல் வரியிலிருந்து படி. ஷூவுக்குள் கையை விட்ட இடம் வரும்போதும் நிறுத்தாதே சாமி. நான் எங்கும் எழுந்து போகமாட்டேன். உன் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி.